பூங்காவுக்குக் கணவரின் பெயர். கேள்விக்குப் பதில் சொன்னவர் மனைவி



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பதினோராம் தரத்துக்கு வரலாறு படிப்பிக்கும் நாங்கள் டொனமூர் பாடத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரித்தான் முடிப்போம். 1927 இல் ஆணைக்குழு வந்தது, 1928 இல் அறிக்கை வெளியானது, 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். ஓ.எல். சோதனைக்கு அது போதும். இம்முறை பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப தோட்டத்துப் பொம்பிளைகளுக்கும் கிடைச்சதா டீச்சர்?" என்று கேட்டது. தெல்தோட்டைப் பக்கமிருந்து வரும் பிள்ளை. கிடைத்தது, பிறகு பறித்துவிட்டார்கள் என்று சொன்னோம். "கிடைக்கிறதுக்கு யார் கதைச்சது?" என்று அடுத்த கேள்வி வந்தது.

அந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் விடை இல்லை. ஆனால் விடை கண்டியில் இருக்கிறது. எங்களுக்கே அது பிந்தித்தான் தெரிந்தது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவைத் தெரியாத ஆள் கண்டியில் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போகும் எந்த உம்மாவைக் கேட்டாலும் வழி சொல்வார். அந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா யார் என்று கேட்டால் வயதானவர்கள் சிலருக்குத் தெரியும். சட்டத்தரணி, கரைநாட்டுச் சிங்களவர், கண்டிப் பிரதானிகளின் குடும்பங்களை எதிர்த்து அரசியல் செய்தவர், 1931 முதல் அரசாங்க சபையில் கண்டியின் உறுப்பினர், 1942 முதல் 1947 வரை சுகாதார அமைச்சர். ஏழைகளின் ஆள் என்று பெயர் எடுத்தவர். அவர் பெயரில் பூங்கா இருப்பதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை.

அவருடைய மனைவியின் பெயர் அக்னஸ். 1885 இல் பிறந்தவர், நெல் என்ற பறங்கியர் குடும்பத்துப் பெண். 1908 இல் இவர்கள் கலியாணம் முடித்தார்கள். பறங்கியர் வீட்டுப் பெண் ஒரு சிங்களவரைக் கட்டுவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. கண்டியில்தான் வீடு, கண்டியில்தான் பிள்ளைகள். இங்கிருந்துகொண்டுதான் இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காக அவர் வேலை செய்தார்.

1925 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூட்டத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஒரு தீர்மானம் வந்தது. அதை ஆமோதித்துப் பேசியவர் அக்னஸ் டி சில்வா. அந்தத் தீர்மானம் எல்லாப் பெண்களுக்கும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படித்த, சொத்துள்ள பெண்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட வாக்குரிமைதான் கேட்டார்கள். அந்த நேரம் ஆண்களிலும் மிகச் சிலருக்குத்தான் வாக்கு இருந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில். மீதிப் பேர் ஆணானாலும் பெண்ணானாலும் பார்வையாளர்கள்.

1927 நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையில் நான்கு பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அக்னஸ் அதன் செயலாளர். செயலாளர் என்றால் நமக்குத் தெரியும்: கடிதம் எழுதுவது, ஆள் சேர்ப்பது, கூட்டத்துக்கு மண்டபம் பார்ப்பது, வருவதாகச் சொன்னவர்கள் வராவிட்டால் தானே போய் நிற்பது. ஒரு மாதத்துக்குள் அவர்கள் ஆணைக்குழுவின் முன் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அங்கே டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண் தொழிலாளர்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்கிறீர்களா?

இந்தக் கேள்வியில் ஒரு பொறி இருந்ததாக எங்களுக்குப் படுகிறது. பிரபு அதை நினைத்துக் கேட்டாரோ இல்லையோ, பொறி இருந்தது. ஆங்கிலம் பேசி, கையுறை போட்டு, நல்ல வீட்டிலிருந்து வந்த பெண்கள் அவர்கள். "இல்லை, படித்த பெண்களுக்கு மட்டும் தந்தால் போதும்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுடைய 1925 தீர்மானமும் அதைத்தான் சொன்னது. "அதை ஆணைக்குழுவே தீர்மானிக்கட்டும்" என்று நழுவியிருக்கலாம். கண்டியில் அரசியல் செய்யும் கணவரின் வாக்குக் கணக்கையும் நினைத்திருக்கலாம். மலைநாட்டில் இந்தியத் தொழிலாளர்களுக்கு வாக்குக் கொடுத்தால் கண்டிச் சிங்களவரின் தொகுதிகள் போய்விடும் என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அக்னஸ் சொன்ன பதில் இதுதான்: நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எங்களுக்கு எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும்.

பதில் சின்னது. ஆனால் யாரைப் பற்றிச் சொன்னது என்று பாருங்கள். ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் விடியமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறிய பெண்கள். கங்காணிக்குக் கீழே, கணக்கப்பிள்ளைக்குக் கீழே, துரைக்குக் கீழே, வீட்டுக்கு வந்தால் புருஷனுக்கும் கீழே. ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. இந்தச் சம்பள வித்தியாசம் 1984 வரை நீடித்தது என்பதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பிள்ளைகள் நம்பவில்லை. கண்டி டவுனில் அந்தப் பெண்களைத் தினமும் காண்பவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பிரபு கேட்டபோது அவர்களை 'பெண்கள்' என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டவர் இந்த ஒருவர்.

எதிர்ப்பும் சின்னதல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன், கல்விக்காகப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டிய அதே மனிதர், பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். எங்கள் சமூகத் தலைவர்களின் கவலை வேறு மாதிரி இருந்தது: இனவாரிப் பிரதிநிதித்துவத்தை டொனமூர் ஒழிக்கிறாரே, சிறுபான்மைக்கு ஆசனம் கிடைக்குமா என்று. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது, அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வாதங்களுக்கு நடுவில் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முதன்முதலாக வாக்குச் சீட்டு வருகிறது என்ற சந்தோஷத்தை யாரும் பெரிதாகக் கொண்டாடிய மாதிரித் தெரியவில்லை.

ஆணைக்குழு ஆண்களுக்கு 21 வயது, பெண்களுக்கு 30 வயது என்று சிபாரிசு செய்தது. பிறகு பெண்களுக்கும் 21 ஆக்கினார்கள். 1931 ஜூனில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். பிரான்ஸில் பெண்களுக்கு அந்த உரிமை 1944 இல், சுவிட்சர்லாந்தில் 1971 இல். முஸ்லிம் நாடுகளை எடுத்தால் துருக்கிப் பெண்கள் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை பெற்றது 1934 இல், குவைத்தில் 2005 இல். கண்டியில் ஒரு முஸ்லிம் பெண் பர்தாவோடு போய் வாக்களித்துவிட்டு வந்து பகல் சோறு ஆக்கிய காலத்தில் பரிஸில் இருந்த பெண்ணுக்கு அது கனவு. இதை நம்முடைய பெண் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

தோட்டத்துப் பெண்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. எதிர்ப்பைப் பார்த்து ஆளுநர் ஸ்டான்லி, இந்தியத் தொழிலாளர்களுக்கு மட்டும் நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் போட்டார். அப்படியிருந்தும் அவர்களில் பலர் பதிந்து வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நம்முடைய மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றார்.

அதோடு சரி. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம், 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே வருடம் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் மலையகத்துக்கு ஒரு ஆசனமும் இல்லை. பெயரைக் கவனியுங்கள்: இந்திய, 'பாகிஸ்தானிய'. தோட்டத் தொழிலாளி மட்டுமல்ல, இங்கே கடை வைத்திருந்த இந்தியச் சோனகர், மேமன்மாரும் அதற்குள் வந்தார்கள். அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த அமைச்சரவையில் நாம் இன்றும் மரியாதையோடு நினைக்கும் டீ.பி. ஜாயாவும் இருந்தார். நாங்கள் இதைக் குற்றம் பிடிக்கச் சொல்லவில்லை. அடுத்தவனுடைய வாக்குப் பறிபோகும்போது அது நம்முடைய விஷயம் இல்லை என்று இருப்பது எல்லாச் சமூகத்துக்கும் வரும் நோய், நமக்கும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1960 ஜூலையில் உலகத்தின் முதல் பெண் பிரதமர் இந்த நாட்டில் பதவியேற்றார். சிறிமாவோ பண்டாரநாயக்க, ரத்வத்தைக் குடும்பம், கண்டிச் சிங்களப் பெண். நாங்கள் எல்லோரும் பெருமையாகப் படிப்பிக்கும் விஷயம். அதே பிரதமர்தான் 1964 ஒக்டோபரில் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டு, நாடற்றவர்களாக நின்ற 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார். அதில் பாதிப் பேர் பெண்கள். அந்த மேசையில் ஒரு பக்கத்தில் பெண் இருந்தும், அவர்களும் பெண்கள்தானே என்ற சொல் எழவில்லை. ஆகவே பெண் ஒருவர் கதிரையில் இருந்தால் போதும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் யாரையெல்லாம் தன்னுடைய ஆட்களாக எண்ணுகிறார் என்பதுதான் எங்கள் கேள்வி.

அக்னஸுக்குத் திரும்பி வருவோம். வாக்குரிமை கிடைத்த பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. கலகெதரத் தொகுதியில் அரசாங்க சபைக்குத் தானே போட்டியிட்டார். தோற்றார்.

இந்தத் தோல்வி எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறோம். இந்த நாட்டில் முதலில் சபைக்குப் போன பெண்களை வரிசையாகப் பாருங்கள். அடலின் மொலமூரே 1931 இல் ருவன்வெல்லையில் வென்றது தகப்பன் இறந்து காலியான ஆசனத்துக்கு. நேசம் சரவணமுத்து 1932 இல் கொழும்பு வடக்கில் வென்றது கணவரின் தெரிவு செல்லாமல் போனதால். நம்முடைய கண்டித் தொகுதியிலேயே 1949 இல் ஒரு பெண் வென்று பாராளுமன்றம் போனார், தமரா குமாரி இலங்கரத்ன. எத்தனை பேருக்கு இது தெரியும்? அவரும் கணவர் டீ.பி. இலங்கரத்ன தேர்தல் மனுவில் ஆசனத்தை இழந்ததால் வந்தவர். சிறிமாவோ, கணவர் சுடப்பட்ட பிறகு. எங்கள் சமூகத்திலிருந்து முதலில் அமைச்சரான பெண், பேரியல் அஷ்ரப், கணவர் 2000 செப்டெம்பரில் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து வபாத்தாகி ஒரு மாதம் ஆகுமுன்னரே தேர்தலுக்கு முகம் கொடுத்தவர். இத்தாவில் இருக்க வேண்டிய ஒரு பெண்ணை அரசியல் எப்படி இழுத்தது என்று அந்த நாட்களில் எல்லோர் வீட்டிலும் பேச்சு.

இந்தப் பெண்களின் திறமையை நாங்கள் குறைக்கவில்லை. நேசம் சரவணமுத்து 1936 இல் மறுபடி நின்று சொந்தமாக வென்று காட்டினார். பேரியல் அஷ்ரப் அடுத்தடுத்த தேர்தல்களிலும் வென்றார், சுனாமிக்குப் பிந்திய அந்தக் கஷ்ட காலத்தில் வீடமைப்பு அமைச்சைப் பொறுப்பில் வைத்திருந்தார். ஆனால் கதவு திறந்த விதம் ஒன்றுதான். ஒரு ஆண் இல்லாமல் போன இடத்துக்குத்தான் பெண் தேவைப்பட்டார். அக்னஸுக்குக் கணவர் உயிரோடு, பதவியோடு, பக்கத்துத் தொகுதியில் இருந்தார். யாருடைய இடத்தையும் நிரப்ப அவர் நிற்கவில்லை. தன்னுடைய பெயரில், தன்னுடைய கொள்கைக்கு நின்றார். சனம் அவருக்குப் போடவில்லை. பெண்களுக்கு வாக்கு வாங்கிக் கொடுத்தவருக்கு, அந்த வாக்குக் கிடைத்த பெண்களும் போதுமான அளவு போடவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.

கலகெதர இன்று எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம்முடைய சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அந்தப் பக்கம். அந்தத் தேர்தலில் நம்முடைய உம்மும்மாமாரின் உம்மாமார் யாருக்குப் போட்டிருப்பார்கள்?

இப்போது நம்முடைய கதைக்கு வருவோம். கண்டி மாவட்ட முஸ்லிம் அரசியல் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் மடமடவென்று பெயர் சொல்வார்கள். கம்பளை ஸாஹிராவைக் கட்டியெழுப்பி, பிறகு கல்வி அமைச்சரான பதியுதீன் மஹ்மூத். அக்குறணையிலிருந்து போய் உலகம் முழுவதும் வெளிநாட்டமைச்சராகச் சுற்றிய ஏ.சீ.எஸ். ஹமீத். இன்று வரை வந்தால் ரவூப் ஹக்கீம், ஹலீம். நல்லது. பெண் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். இன்று வரை இந்த மாவட்டத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண் பாராளுமன்றம் போனதில்லை. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக நீண்ட காலம் இருந்த ஆயிஷா ரவூப், கேரளாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், மாநகர சபைக்குத் தெரிவாகிப் பிரதி மேயர் வரைக்கும் போனார். அது நம் பெற்றோர் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலம். அவருக்குப் பிறகு நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் இரண்டு வீதத்துக்கும் குறைவு. சட்டம் நல்லது. நாம் அதை நிறைவேற்றிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களிடம் படித்த ஒரு பெண். பட்டதாரி, மூன்று மொழியும் பேசுவாள், பிரதேச செயலகத்துக்குப் போய் யாருடைய வேலையையும் முடித்துக் கொடுப்பாள். ஒரு கட்சிக்காரர்கள் (எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை, எல்லாக் கட்சியிலும் இதே கதை) வேட்புமனுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்து கையெழுத்துக் கேட்டார்கள். "லிஸ்டுக்குப் பொம்பிளை ஒண்டு குறையுது தங்கச்சி, நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல." அவள் கையெழுத்துப் போட்டாள். போஸ்டர் வந்தது. அவளுடைய பெயருக்கு மேலே அவளுடைய புருஷனின் படம்! கேட்டதற்கு, பெண்ணின் படத்தைச் சுவரில் ஒட்டுவது சரியில்லை என்றார்களாம். சரி, மார்க்கப் பேணுதல் என்றே வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் பேசவும் அவளுக்கு அழைப்பில்லை. அவள் வாக்குக் கேட்டுப் பெண்களின் வீடுகளுக்குப் போகவும் வாகனம் இல்லை. பேணுதல் அங்கேயும் வந்து தடுத்ததா?

மார்க்கத்தைப் பேசுகிறவர்களுக்கு மரியாதையோடு ஒரு வார்த்தை. நாங்கள் ஆலிம்கள் அல்ல, பாடம் நடத்த வரவில்லை. சூரதுல் மும்தஹினாவின் 12 ஆவது வசனத்தில் பெண்கள் தாமே வந்து நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் பைஅத் செய்வது வருகிறது. ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் சொன்னதைச் செய்யாமல் மனம் உடைந்து நின்றபோது, நபியவர்கள் கூடாரத்துக்குள் போய் உம்மு ஸலமா ரழியல்லாஹு அன்ஹா அவர்களிடம் சொன்னார்கள். அவர் கொடுத்த ஆலோசனைப்படி செய்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. இந்தச் சம்பவத்தை வருடத்தில் ஒரு தடவையாவது நம்முடைய மிம்பர்களில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்தால், பள்ளி நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், தேர்தல் குழு எங்கேயும் உம்மு ஸலமாவுக்கு ஒரு கதிரை இல்லை.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். 2018 மார்ச்சில் திகனயில் தொடங்கி அக்குறணை வரைக்கும் நெருப்புப் பரவிய அந்தக் கிழமையை நினைத்துப் பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின் கதவால் ஓடியவர்கள் பெண்கள். எந்தச் சிங்களப் பக்கத்து வீடு கதவைத் திறந்தது, எது மூடியது என்று தெரிந்தவர்கள் பெண்கள். அதன் பிறகு சமாதானக் கூட்டம், நட்டஈட்டுக் கூட்டம் என்று எங்கள் பகுதியில் நடந்தவை எல்லாவற்றிலும் ஆண்கள் மட்டும்தான். கடையின் கணக்குச் சரியாக எழுதப்பட்டது. பயத்தில் பள்ளிக்கூடம் வராமல் நின்ற பெண் பிள்ளைகளின் கணக்கை யாரும் எழுதவில்லை. எங்கள் வரவுப் பதிவேட்டில் மட்டும் அது இருந்தது.

முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத் திருத்தமும் அப்படித்தான். 2009 இல் நியமித்த குழுவின் அறிக்கை 2018 இல் வந்தது, இன்னும் பேச்சுத்தான். காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம் என்பது சட்டம். அதை மாற்றுவதா வேண்டாமா என்பதில் நம் சமூகத்தில் இரண்டு கருத்து இருக்கிறது, இருக்கட்டும். தலாக், பராமரிப்புப் பணம் என்று காதி நீதிமன்ற வாசலில் காத்து நிற்கும் பெண்களிடம் யாராவது போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா?

கேட்பது பற்றிச் சொல்லும்போது அக்னஸின் மகள் நினைவுக்கு வருகிறார். மினெட் டி சில்வா, 1918 இல் கண்டியில் பிறந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். வட்டாப்புலுவ வீடமைப்புத் திட்டம் அவர் வரைந்தது. அரச ஊழியர்களுக்கு வீடு கட்டும்போது, குடியிருக்கப் போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, உங்களுக்கு எப்படி அடுப்பங்கரை வேண்டும், எத்தனை பேர் வீட்டில் என்று விசாரித்துத்தான் வரைந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் அதில் இருந்தார்கள். தாய் மேசைக்கு முன்னால் இருந்து பேசியதும் மகள் கேள்வித்தாள் கொடுத்ததும் ஒரே குணம்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மினெட்டுக்கும் இந்த நகரம் உரிய மரியாதையை உயிரோடு இருக்கும்போது செய்யவில்லை. 1998 இல் அவர் இறந்தார். அது வேறு பதிவு.

அக்னஸ் 1961 இல் காலமானார். மாநகர சபையில் நம்மவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் என்பதும் தெரியும். அவர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை. புதிதாகச் சிலை வேண்டாம், செலவும் வேண்டாம். அந்தப் பூங்காவில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வையுங்கள். ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி என்று மட்டும் எழுதாமல், 1928 இல் டொனமூர் பிரபுவுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குச் சாமான் வாங்க வரும் பெண் அதைத் தமிழில் வாசிக்கட்டும்.

பள்ளி நிர்வாகிகளிடமும் கட்சிக்காரர்களிடமும் இன்னொன்று. அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு நாளுக்கு இரண்டு நாள் முன்னர் வராதீர்கள். இரண்டு வருடம் முன்னர் வாருங்கள். தண்ணீர்ப் பிரச்சினைக்குக் கூட்டம் வைக்கும்போது அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். பேச விடுங்கள். வட்டாரத்திலேயே நிறுத்துங்கள், மேலதிகப் பட்டியலின் கடைசியில் போடாதீர்கள். தோற்றாலும் பரவாயில்லை. கலகெதரவில் தோற்றவரைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசினோம்.

இதை வாசிக்கும் தாத்தாமார், தங்கச்சிமார் பலர் பின்னூட்டத்தில் எழுத மாட்டீர்கள், இன்பொக்ஸில் எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள். ஆனால் முடிந்தவர்கள் இம்முறை வெளியிலேயே எழுதிப் பாருங்கள்.

அந்த வகுப்புக்கு நாங்கள் ஒரு வீட்டு வேலை கொடுத்தோம். உங்கள் வீட்டில் மூத்த பெண்ணிடம், நீங்கள் முதன்முதலில் எப்போது வாக்குப் போட்டீர்கள், யாருக்குப் போடுவது என்று யார் முடிவு செய்தது என்று கேட்டு எழுதி வரவேண்டும். ஒரு பிள்ளையின் உம்மும்மா சொன்னாராம்: "வாப்பா சொன்ன அடையாளத்துக்குப் போட்டேன், பிறகு உங்கட அப்பா சொன்ன அடையாளத்துக்குப் போட்டேன், இப்ப உங்கட மாமா சொல்றார்." பின் வாங்குப் பிள்ளையின் பாட்டியின் பதில் ஒரே வரி. 1989 இல்தான் முதல் தடவை, அப்போது வயது 41, பிரசாவுரிமைக் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டே வரிசையில் நின்றாராம், கேட்டால் காட்டுவதற்கு.

இன்னும் பதினான்கு பேரின் கொப்பி வரவேண்டியிருக்கிறது.